பதினாறாம் வருஷத்துக் குண்டு

பழைய இரும்பு பிரிக்கிற வேலைக்குக் காதுதான் முக்கியம். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் உருக்காலையில், கப்பலில் வந்த கழிவு இரும்பு மலையாகக் கொட்டிக் கிடக்கும். வாய் மூடிய சாமான் எது கையில் வந்தாலும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காலி என்று சத்தம் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அடைபட்ட காற்றோ தண்ணீரோ உலைக்குள் போனால், கொதிக்கிற இரும்பு வெளியே தெறித்து, உலை மேடையில் நிற்பவர்கள் முகத்தில் அடிக்கும். கெட்டிச் சத்தம் வந்தால் பயமில்லை, உலைக்குப் போகிற தொட்டியில் போடலாம். இப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேடையில் நிற்பவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் என்பதால் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை தட்டுவேன்.

போன வருஷம் ஒரு காலை ஷிப்டில், சுரைக்காய் பருமனில் துருப்பிடித்த இரும்புக் கட்டை ஒன்று வந்தது. தட்டினேன். கெட்டி. தொட்டியில் போட்டேன். கிரேன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உலை மேடைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதையும் தட்டினேன். துரு உதிர்ந்து, அடியில் சீன எழுத்து தெரிந்தது.

புது உலையைப் பூட்டிக் கொடுக்க வந்திருந்த சீனாக்காரர் டீயோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அவர் தன் பாஷையில் போனிடம் பேசுவார், போன் அதைச் செய்தி வாசிக்கிற தமிழில் எங்களுக்குச் சொல்லும். அதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"சாரு, உங்க ஊரு எழுத்து கீது, வந்து பாரு" என்று கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தவர் டீயைக் கை நழுவ விட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். போன் நிதானமாகச் சொன்னது: "தயவுசெய்து தட்ட வேண்டாம். இது பீரங்கிக் குண்டு. உள்ளே வெடிமருந்து நிரம்பியிருக்கலாம்."

மருந்து நிரம்பியிருந்தால் கெட்டிச் சத்தம்தானே வரும்! ஐயோ, நாசமாய்ப் போச்சு, முதல் குண்டு மேலே போய்விட்டதே!

உண்மையைச் சொல்கிறேன், உடனே நான் ஓடவில்லை. என் தப்பு என்று தெரிந்தால் நாளைக்குக் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம்தான் "குண்டு, குண்டு" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

சூப்பர்வைசர் உலை ஓரத்தில் நின்றிருந்தார். "இன்னாம்மா, வேலைய உட்டுட்டு ஓடியாற? பாதி உருகிக்கினு கீது, இப்ப நிறுத்துனா பேஜாரா பூடும். நல்லா பாத்தியா, இல்ல சும்மா சொல்றியா?" என்றார்.

"நான்தான்யா தட்டுனேன்! நான்தான் போட்டேன்! என் ஊட்டுக்காரரு மேல நிக்கிறாரு!" என்று கத்தினேன்.

உலைக்குப் போகிற கரண்டை நிறுத்தினார்கள். ஆனால் தொட்டியை ஏற்கெனவே மேடையில் கவிழ்த்திருந்தார்கள், கவிழ்த்ததில் பாதியை உலைக்குள் தள்ளியும் இருந்தார்கள். குண்டு எந்தப் பாதியில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கவில்லை. மேடையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். "யோவ், எறங்கி வாய்யா!" என்று அலறினேன். சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

கடைசியில் அதைக் குளிப்பாட்டின குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். இரும்புப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். வெளியே மணல் குவியலில் அதை வைத்துவிட்டு அவர் தள்ளி வந்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

எங்களைக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். குண்டை எடுக்கிற போலீஸ் சென்னையிலிருந்து வர வேண்டும். இரண்டிலும் மருந்து அப்படியே இருக்கிறது என்று அவர்கள் சாயங்காலம் வந்து சொன்னார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சீனாக்காரரைக் கேட்டேன்.

"பதினாறாம் ஆண்டு" என்றது போன்.

"ரெண்டாயிரத்துப் பதினாறா? அப்ப புதுசு" என்றார் சூப்பர்வைசர்.

இல்லையாம். சீனாவில் ராஜாவை இறக்கிவிட்டுக் குடியரசு ஆன வருஷத்திலிருந்து எண்ணுகிற கணக்காம். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. அப்போது அங்கே மாகாணத்துக்கு ஒரு தளபதி, ஆளுக்கு ஒரு படை. அவர்களை அடக்க இரண்டு கட்சிகள் சேர்ந்து வடக்கே கிளம்பின. குண்டில் எழுதியிருக்கிற அந்த வருஷம்தான் ஒரு கட்சி மற்றதன்மேல் பாய்ந்தது. ஒரு பெரிய நகரத்தில், படை உள்ளே வர வழி திறந்துவிட்ட ஆலைத் தொழிலாளிகளையே அந்தப் படை சுட்டுக் கொன்றதாம். "உன்ன மாரி, என்ன மாரி ஆளுங்களா?" என்று கேட்டேன். "ஆம்" என்றது போன்.

அவருடைய கொள்ளுத் தாத்தாவை ஒரு படை கயிற்றில் கட்டி இழுத்துப் போனதாம். காவடிக் கம்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இதே மாதிரி குண்டு தூக்க. ஒரே வருஷத்தில் அந்தக் கிராமத்துக்கு மூன்று கொடியோடு மூன்று படைகள் வந்தன. "உன் புருஷன் யார் பக்கம்?" என்று ஒவ்வொரு படையும் வாசலில் நின்று கேட்கும். "உங்க பக்கம்தான்" என்று ஒவ்வொரு படையிடமும் அந்தக் கொள்ளுப் பாட்டி சொல்லுவாளாம். மாற்றிச் சொன்னால் கழுத்து போகும். அவன் உண்மையில் யாருக்குத் தூக்கினான் என்று அவளுக்கே தெரியாது.

"திரும்பி வந்தாரா?"

"வரவில்லை" என்றது போன்.

அதே செய்தி வாசிக்கிற குரல்தான். ஆனால் அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முதுகில் ஓங்கி அறைந்தேன்.

"அத்தினி பேரும் எறங்கிட்டானுங்க. உன்ன மட்டும் எவன்யா தூக்கச் சொன்னான்? ரெண்டு பொண்ணுங்கள நெனச்சிப் பாத்தியா?"

அவர் பீடியைக் கீழே போட்டார். "நீ மேல அனுப்புன குண்டாச்சே, மே. வேற எவனாச்சும் தூக்கி அவனுக்கு ஒண்ணு ஆயிருந்தா, அவன் பொண்டாட்டி மூஞ்சில நீ எப்பிடி முழிப்ப?"

அவர் கையில் குண்டின் துரு இன்னும் அப்பிக் கிடந்தது. அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.