சித்தி சேமித்து வைத்த காது

சித்தி தன் காதிலிருந்து கழற்றி என் காதில் வைக்கும்போது அந்த ஹெட்செட்டின் ரப்பர் முனை வெதுவெதுப்பாக இருக்கும். தேங்காய் எண்ணெயும் முகப்பவுடரும் கலந்த ஒரு வாசம் அதில் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம்தான் வேலை செய்யும் ஹெட்செட் அது. ஆகவே ஒரு பாட்டை முதலில் அவள் முழுதாகக் கேட்பாள், பிறகு நான் கேட்பேன், நான் கேட்டு முடிக்கும் வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். காரைக்குடியில் எங்கள் வாடகை வீட்டு மாடிப்படியில், நான் ஆறாம் வகுப்புப் படித்த அந்த ஒரு வருடம் முழுவதும், பள்ளிக்கூடம் விட்ட பிறகான பொழுதுகள் இப்படித்தான் போயின.

சித்தியின் பெயர் அமலி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். தொடக்கப் பள்ளியில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள். அவளுக்குப் பிடித்த இசை வேறு யாருக்கும் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிராஜ் அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குச் சனிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு போய், எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ வாசித்ததையெல்லாம் தேடிப் பிடித்துத் தன் செல்போன் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வருவாள். "யாரு டீச்சர் இதெல்லாம் கேக்குறாக? ஊருல ஒங்களத் தவிர ஒருத்தரும் வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஏற்றித் தந்த சிராஜ் அண்ணன், நாளாக ஆகத் தானும் கேட்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் மூன்று பேரைத்தான் வீட்டில் "இரைச்சல் கோஷ்டி" என்று சொல்வார்கள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் சிராஜ் அண்ணன் கடை வாசலிலேயே எங்களை நிறுத்தி ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து காரைக்குடியில் மூன்று நாள் இசை விழா நடத்தப் போகிறது. ஒரே மேடையில் அல்ல. ஊருக்குள் ஒன்பது இடங்களில். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றங்களில், ஓர் ஊரணிக் கரையில், ஒரு மொட்டை மாடியில், ஓடாமல் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லுக்குள். கேட்க வருபவர்கள் ஓரிடத்தில் கேட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஊரணியின் இரண்டு கரைகளிலும் பறைக்காரர்கள் நின்று ஒருவருக்கொருவர் பதில் சொல்வது போல அடிப்பார்கள். ஒரு வீட்டில் நான்கு பெண்கள் காலி அண்டாக்களுக்குள் குனிந்து பாடுவார்கள். மில்லில் பன்னிரண்டு பேர் நாகசுரங்களும் வெளிநாட்டுக் கொம்புகளுமாக ஆளுக்கொரு மூலையில் நின்று வாசிப்பார்கள். எங்கள் தெருவில் இதற்கு "வீட்டுக்கு வீடு கச்சேரி" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒன்பது இடங்களையும் புள்ளி வைத்துக் குறித்து, எதிலிருந்து எதற்கு எந்தச் சந்து வழியாகச் சைக்கிளில் போனால் ஒன்றையும் தவறவிடாமல் கேட்கலாம் என்று கோடு போட்டாள். மில்லைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம்.

விழா ஐப்பசியில். அதற்குள் வரப்போகிற ஒவ்வொருவர் வாசிப்பையும் கேட்டுவிட வேண்டும் என்று சிராஜ் அண்ணன் வாரம் ஒருவராகத் தேடி ஏற்றித் தந்தார். எனக்கு அதில் பாதி புரியவில்லை என்றாலும், காத்திருக்கிற அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றியிருந்தது. இன்னும் எத்தனை வாரம் என்பதுதான் எங்கள் மூவரின் முதல் பேச்சு.

அப்போதுதான் அது தெரிந்தது. ஒருநாள் சித்தி கேட்டு முடித்துக் கொடுத்த ஹெட்செட்டைக் காதில் வைத்தவள் வலி தாங்காமல் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஒலி கடைசிக் கோடு வரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. "இவ்வளவு சத்தமா எப்படிச் சித்தி கேக்குற?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டேன். என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் "என்ன பாப்பா?" என்றாள்.

வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மா அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். கோயில் திருவிழாவுக்குத் துணி எடுக்க என்று பொய் சொல்லி, ஆவணியில் இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறைக்குள் அவளை உட்கார வைத்து வெகுநேரம் சோதித்த டாக்டர், இரண்டு காதிலும் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, இடது காது அநேகமாகப் போய்விட்டது, வலது காதும் நிற்காது, மாத்திரையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றார். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"ஐப்பசி வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று கேட்டாள் சித்தி.

"ஏம்மா, கல்யாணம் வச்சிருக்கீகளா?"

"இல்ல. ஒரு கச்சேரி."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தி அழவில்லை. திருப்பத்தூர் தாண்டியதும், "இனிமே நான் பாட்டுக் கேக்க மாட்டேன் பாப்பா" என்றாள். இருக்கிற கொஞ்சத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் விழா வரைக்கும் வரும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வலது காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஹெட்செட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, நான் கேட்கும்போது மட்டும் எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் டிவி ஓடினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். சிராஜ் அண்ணன் வாரம் தவறாமல் ஏற்றி வைத்த பாட்டுகளை நான் மட்டும் வாங்கி வந்து கேட்டேன், அவள் எதிரில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லாத. அங்க போயிக் கேட்டுக்கிறேன்" என்பாள். பஞ்சு வைத்தால் காது சேமிப்பாகும் என்று பன்னிரண்டு வயதில் நானும் நம்பினேன். இருபத்தாறு வயதில் அவளும் நம்பினாள்.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை பெய்யும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றாமல் போயிற்று. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மில்லுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருப்பதாகச் சுவரொட்டிகளின் மேலேயே குறுக்காக ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தையில், இரண்டு வீடுகளின் சொந்தக்காரர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை என்று மாசிக்குத் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் சித்தி நோட்டீஸில் பழைய மாதத்தை அடித்துவிட்டுப் புதிய மாதத்தை எழுதினாள். "மாசி பக்கத்துலதான இருக்கு" என்பாள், நான் ஒன்றும் கேட்காதபோதே.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரத்துப் பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழு உட்கார்ந்துவிட்டது. சித்தி மட்டும் தலையைக் குனிந்தபடி வாசித்துக்கொண்டே இருந்தாள். சாமியார் பீடத்தில் நின்று அவள் நிறுத்தட்டும் என்று காத்திருந்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். அன்று பஞ்சு வைத்திருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பார்ப்பது நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசுவது கேட்கவில்லை என்பதால் தானாகவே வேலையை விட்டாள். அப்பா வாங்கிக் கொடுத்த காது மெஷினில் வெறும் ஊளைச் சத்தம் மட்டும் வருகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். பிறகு அதுவும் வரவில்லை.

விழா மாசியில் உண்மையாகவே வந்தது. தவக்காலம் தொடங்கியிருந்தது. சித்தி புதுச்சேலை கட்டிக்கொண்டு நோட்டீஸும் கையுமாக நின்றதைப் பார்த்து அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். "தவக்காலத்துல கச்சேரிக்குக் கெளம்புறா. கேக்க முடியாதவளுக்கு எதுக்குங்க கச்சேரி? நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் அப்பாவிடம். அப்பா, "போயிட்டு வரட்டும் விடு. எட்டு மாசமா அது ஒண்ணையே நெனச்சுக்கிட்டு இருக்கா" என்றார். என்னையும் கூட அனுப்பினார்.

அவள் போட்ட கோட்டின்படியே போனோம். ஊரணிக் கரையில் பறைக்காரர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்டாக்களுக்குள் பாடிய பெண்களின் முகம் தெரியாததால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் என் தோளைத் தொட்டு, "எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன், தலையை ஆட்டினேன், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மில்லுக்குள் நுழைந்தபோது மாலை நாலு மணி இருக்கும். கூட்டம் நிறைந்திருந்தது. சிராஜ் அண்ணன் ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வீட்டாரோடு வந்திருந்தார்கள். ஒரு மூலையில் ஒற்றை நாகசுரம் மெல்ல ஆரம்பித்தது. அதே சுரத்தை எதிர் மூலையில் ஒரு கொம்பு வாங்கிக்கொண்டது, அப்புறம் பின்னால் ஒன்று, தலைக்கு மேலே பலகைத் தட்டிலிருந்து ஒன்று. சத்தம் சுவரோரமாக நடந்து எங்களைச் சுற்றி வந்து, நெஞ்சுக்கூட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குவது போலிருந்தது. எனக்குக் கையெல்லாம் மயிர் சிலிர்த்தது. அதுவரை கேட்டதில் பாதி புரியாத எனக்கு, எட்டு மாதமாக நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அந்த நிமிடம் புரிந்தது.

சித்தி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பழைய காலத்துக் கனத்த சுவர். ஒன்றும் தெரியவில்லை போலும், கையை எடுத்துவிட்டாள். என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்ன பாப்பா வாசிக்கிறாக? எப்படி இருக்கு? சொல்லு" என்றாள். அந்த அமைதியான வாசிப்பின் நடுவே அது கத்தலாகக் கேட்டது. யாரோ அதட்டினார்கள். என் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் விடவில்லை. "சொல்லு பாப்பா."

நான் அவள் முகத்துக்கு நேராக நின்று, அவள் படித்துக்கொள்ளும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்: "ஒண்ணுமில்ல சித்தி. சும்மா சத்தந்தான்."

அவள் புரிந்துகொண்டாள். "அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் கொம்புக்காரரின் உப்பிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வா, போகலாம்" என்றாள். இன்னும் இரண்டு நாள் விழா இருந்தது. நாங்கள் போகவில்லை. அதன் பிறகு எந்தச் சத்தத்தைப் பற்றியும் அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

அந்தக் குழு மறுபடி வரவில்லை. மில்லை இடித்துவிட்டார்கள், அங்கே ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அண்டாப் பாட்டு நடந்த வீட்டின் தூண்களையும் கதவுகளையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சிராஜ் அண்ணன் கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. சித்தி கோட்டையூரில் தனியாக ஒரு வீடு எடுத்து, ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, எனக்கும் ஒரு பெண் பிறந்த பிறகுதான் மில்லில் நான் சொன்ன அந்தச் சொல் என்னை இருக்கவிடாமல் செய்ய ஆரம்பித்தது. போன ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தபோது, மில்லில் அன்று கேட்டதையெல்லாம், எந்த மூலையிலிருந்து எது ஆரம்பித்தது என்பது வரை, மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். நான் பொய் சொன்னேன் என்பதையும் கடைசியில் எழுதியிருந்தேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தாள்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருந்தீன்னா, வீட்டுக்கு வந்து மனசுக்குள்ளயே வாசிச்சுப் பாத்திருப்பேன்" என்றாள். ஏற்ற இறக்கம் எல்லாம் போய், அவள் குரல் இப்போது ஒரே தட்டையாக வருகிறது. "அப்பல்லாம் சத்தம் எப்படி இருக்கும்னு ஞாபகம் இருந்துச்சு."

"இப்ப?" என்று உதட்டை அசைத்தேன்.

"இப்ப அதுவும் போச்சு. நாகசுரம்னு எழுதியிருக்க. அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாக்குறேன், வரல." காகிதங்களை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "ஒன் கொரலும் வரல பாப்பா."

பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.