தேக்கங்காட்டுக்குள் ஒரு மையவாடி

அரச காட்டில் எவ்வளவு நிலத்தில் மரம் வெட்டலாம் என்று கணக்கெடுப்பது எனது வேலை. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் அலுவலகம் போய், கணினியில் வரைபடத்தைத் திறந்து, குளக்கரை, ஓடைக்கரை, யானை நடக்கும் பாதை, சரிவான மலைப்பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவேன். மிஞ்சுவதுதான் வெட்டக்கூடிய காடு. கோமாரிப் பக்கத்துத் தேக்கங்காடு ஒன்றில் கழிப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை. மேட்டு நிலம், லொறி போக வழி, முற்றிய மரங்கள். அதைத்தான் வெட்டும் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தேன்.

நேரில் பார்த்து உறுதிசெய்ய மேலதிகாரியோடு போனேன். அவர் கல்முனைக் கத்தோலிக்கர், ஓய்வுக்குக் கிட்டிய வயது. எல்லைக்கல்லைத் தேடி உள்ளே நடந்தோம். சருகுக்குள் என் கால் ஒரு கல்லில் இடித்தது. கல் கிடைத்துவிட்டது என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள், ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் தூரத்தில் இன்னொரு கல்லைக் கண்டேன். அதற்கப்பால் அதேபோல இன்னொரு சோடி. எல்லாமே வடக்குத் தெற்காக. ஒரு சோடிக்கு நடுவிலிருந்து தேக்கு ஒன்று நேராக எழுந்து நின்றது.

கிட்ட வந்தவரைக் கையை நீட்டித் தடுத்தேன்.

“சேர், இது எல்லைக்கல் இல்ல. ஆள அடக்கின கப்றுக்குத் தலமாட்டுலயும் கால்மாட்டுலயும் நடுற மீசான் கட்டை. நாம மையவாடிக்குள்ள நிக்கிறம்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். அங்கே அடங்கியிருக்கும் கப்றாளிகளுக்கு நான் ஸலாம் சொன்னேன். எங்கே கால் வைப்பதென்று தெரியாமல், வந்த தடத்திலேயே திரும்பினோம்.

பெரிய ரோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரப் பெண், எந்தப் பக்கம் போய் வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அங்கே அவர்களுடைய ஊர் இருந்ததாம். சண்டைக் காலத்தில் உடுத்த உடுப்போடு ஓடி, பல வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது அரசாங்கம் தேக்கு நட்டிருந்ததாம். உள்ளே போகத் தடை என்று பலகையும் போட்டிருந்ததாம்.

“எண்ட மூத்த புள்ளயும் அங்கதான் கிடக்கு, மகள். அதுக்கு மேலயா மரம் வெட்டப் போறீங்க?”

மேலதிகாரி, வாங்க, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம் என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு ஜீப்பில் ஏறியவர் வழியெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றியே கதைத்தார். காட்டுக்குள் இறங்கியதும் ஒரு வேம்பைத் தேடினார். வேப்பமரத்தடியில் அடக்கியது அவருக்கு நினைவிருந்தது. அங்கே வேம்பே இல்லை. சின்னப் பிள்ளைகளின் கப்றுக்கு நடும் குட்டைக் கற்களாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். குட்டைக் கற்கள் நிறைய இருந்தன. கடைசியில் ஓரிடத்தில் நின்று, எல்லோருக்குமாகக் கையேந்தினார். நானும் பக்கத்தில் நின்று ஏந்தினேன்.

அந்தக் காட்டை முழுதாகக் கணக்கிலிருந்து எடுத்தோம். மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். மையவாடி என்று எழுதி மேலதிகாரியே கையெழுத்து வைத்தார். மற்றக் காடுகளை நடந்து பார்க்காமல் கணக்குத் தரமாட்டேன் என்றேன் நான். வரைபடத்தைத் திறந்தால், அதில் தெரியும் பச்சை எதையும் என்னால் நம்ப முடியவில்லை.