பெரியவள் விரலுக்குப் பாடாத பெட்டி

அந்த வீட்டுப் பெரிய மருமகளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு பாட்டுப் பெட்டி. பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். மாமனாருக்குக் கண்ணில் அறுவை செய்து, இரண்டு கண்ணையும் கட்டி, மூன்று வாரம் மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், எதிரே இருக்கிற சுவரைக்கூடப் பார்க்க முடியாமல் கிடந்தார். மனசு கேட்காமல் தள்ளுவண்டிக்காரனிடம் மல்லுக்கட்டி அதை வாங்கி வந்தவள் பெரியவள்தான். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் இரண்டே நாளில் மறந்துபோனார்கள்.

மலிவுச் சரக்குக்கு உள்ள கோளாறெல்லாம் அதற்கு இருந்தது. ஒரு பக்கம்தான் சத்தம் வரும். நான்காவது பாட்டு பாதியில் விக்கி, மறுபடி முதல் பாட்டுக்கு ஓடிவிடும். பக்கத்தில் யாராவது மிக்ஸி போட்டால் தானாக அணைந்துகொள்ளும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அதில் அமுக்குகிற பொத்தானே கிடையாது, வழவழவென்று கண்ணாடி மாதிரி ஒரு முகம், அதில் மூன்று குறி. இளைய மருமகள் சின்னவள் விரல் பட்டால் பாடும். பெரியவள் விரல் பட்டால் கல்லாய்க் கிடக்கும்.

"சின்னவளே, பாட்டு நின்னுபோச்சு, வந்து பாரும்மா" என்பார் மாமனார்.

"நான் இங்கதான் மாமா உக்காந்திருக்கேன்" என்பாள் பெரியவள்.

"இருக்கேம்மா, இல்லேங்கல. அதுதான் உன் கைக்கு மசிய மாட்டேங்குதே."

சின்னவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள், ஒரு தட்டு தட்டுவாள், அது பாடும். மாமனார் முகம் மலரும். பெரியவள் காதில் புகை வரும். கைக்குப் பாடவில்லை என்பதா அவள் கவலை? பதினெட்டு வருஷமாக 'பெரியவளே' என்று கூப்பிட்ட வாய், இப்போது அந்தப் பேரையே மறந்துவிட்டதே.

"இதுக்கு என்ன சொல்லிக் கொடுத்து வச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நான் என்னக்கா சொல்லிக் கொடுக்கறது, அது என்ன கிளியா?"

இருவருக்கும் வேலை ஒரே சலவைக் கடையில்தான். பெரியவள் இஸ்திரி போடுவாள், சின்னவள் மடித்து அடுக்குவாள். விரலை நனைத்து இஸ்திரிப் பெட்டியின் அடியில் சுண்டி, அது சொய்ங் என்று சத்தம் போடுவதை வைத்துச் சூடு பார்ப்பது பெரியவளின் வழக்கம். அந்த வாரம் அந்தச் சத்தத்தில்கூட ஓரகத்தியின் சிரிப்பு கேட்டது. ஒரு சட்டைக் காலர் சூட்டில் பழுத்துப்போய் முதலாளியிடம் பேச்சும் வாங்கினாள்.

விடுமுறை நாளில் மாமனாரின் படுக்கை விரிப்பை இழுத்துவிடக் குனிந்தாள். மூக்கு நுனி தலைமாட்டில் கிடந்த பெட்டியில் பட்டது. பெட்டி பாடியது.

அப்படியே நின்றாள். தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். சூடு பார்த்துப் பார்த்து நுனியெல்லாம் செருப்புத்தோல் மாதிரி காய்த்துக் கிடந்தது. பாவம், பெட்டிக்கு அது விரல் என்றே தெரியவில்லை. மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள், மூன்று குறியிலும் ஒன்றாய்ப் பட்டு அணைந்துவிட்டது. மூக்குதான் அளவாக இருந்தது.

வாயைத் திறப்பாளா? அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போட்டாள்.

"எப்படிக்கா போடறீங்க?"

"போடத் தெரியணும்."

சின்னவள் முகம் சுண்டியதைப் பார்த்து அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமனார் மெதுவாகச் சொன்னார்: "பெரியவளே, கண்ணைத்தான் கட்டியிருக்காங்க, காதைக் கட்டல. பெட்டி பக்கத்துல மூச்சு சத்தம் கேக்குது. மூக்காலதானே போடற?"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லல. ஆனா கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு நான் முதல்ல பாக்கறது நீ அப்படிப் போடறதாத்தான் இருக்கணும்."

அந்த நாளும் வந்தது. செவிலி துணியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். சின்னவள் முந்திக்கொண்டு கட்டிலுக்கு நேர் எதிரே, தலை வாரிப் பூச்சூடி நின்றாள். பெரியவள் கையில் பெட்டி. குனிந்தால் ஆயுசுக்கும் கேலி. குனியாவிட்டால் முதல் பார்வை சின்னவளுக்கு. கடைசிச் சுற்று அவிழ்ந்தது.

இடுப்பை மடித்து, சின்னவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே தலையை நீட்டி, எல்லோரும் பார்க்க, மூக்கால் ஒரு குத்து குத்தினாள்.

சின்னவள் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவிலிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கட்டும். மாமனார் நனைந்த கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, மூக்கு நுனியில் பெட்டித் தூசி ஒட்டிய அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.