தரகரின் நாக்கு

எங்கள் செந்தூராவை அந்த மனுஷன் துப்பியதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கும் அண்ணனுக்கும் பொதுவில் ஒரு மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா, கிணற்று மேட்டில் ஒரே ஒரு மரம் மட்டும் செந்தூரா. என் மனைவி கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து ஒட்டுக்கன்றாகக் கொண்டுவந்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தது. அது கூடை நிறையக் காய்த்த முதல் வருஷம், இருவரும் பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் பக்கத்து மண்டிக்குக் கொண்டுபோனோம்.

மண்டியில் பழத்துக்குத் தரம் சொல்லும் தரகர் ஒருத்தர் இருந்தார். அவருடைய முறையே தனி. கத்தியைத் தொடமாட்டார். கட்டிலில் சாய்ந்தபடி மூக்கில் ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்துவிட்டு, சாமி கும்பிடுகிற மாதிரிக் கண்ணை மூடி வாயைத் திறப்பார். பழத்தின் சொந்தக்காரர் ஒரு துண்டு நறுக்கி அவர் நாக்கில் வைக்க வேண்டும். அவர் சொல்கிற வார்த்தைதான் அந்தத் தோப்புக்கு அந்த வருஷத்துப் பேர்.

என் மனைவி வைத்தாள். மென்றார். அவள் காலடியில் தூ என்று துப்பினார்.

"ஏம்மா, இது பழமா, ஊறப்போட்ட பருத்திக்கொட்டையா? கொண்டுபோயி மாட்டுக்குப் போடு. அதுவும் யோசிச்சுத்தான் திங்கும்."

மண்டியே சிரித்தது. அவளுடைய பழஞ்சேலை ஓரத்தில் எச்சில். கூடையை மூடித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். 

ஊரில் எங்கள் மரத்துக்குத் 'துப்பல் மரம்' என்றே பேராகிவிட்டது. தோப்பில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். "வர்ற வருசமும் துப்புனான்னா வெட்டிடலாம். அந்த எடத்துல தென்னையாவது வெக்கலாம்" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் இவள் என்னிடம் சொன்னாள்: "அந்தாளு வாயை அடைச்சுக் காட்டறேன். என் மரத்துல கோடாலி படாது."

அந்த வருஷம் முழுக்கச் சோற்றில் கை வைத்தாலும் எனக்கு அந்த வாய்தான் ஞாபகம் வரும். அவருடைய பொடி டப்பாவில் மிளகாய்த்தூளைக் கலந்துவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது ஒரு தும்மலோட போயிடும்" என்றாள். "எனக்கு ஆயுசுக்கும் வேணும்."

மறுவருஷம் பழக்காலம் தொடங்கும்போது எனக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டும் அடைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வாயில் ஒரு துண்டை ஊட்டினாள்.

"எப்பிடி இருக்கு?"

"நம்ம செந்தூராவா? நல்லா இனிக்குதே."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணைத் திறந்தேன். அவள் கையில் இருந்தது பாதிப் பப்பாளி.

"ஏங்க, மூக்கு அடைச்சா நாக்கும் செத்துப்போவுமா?"

சளி விட்ட பிறகு என் மூக்கை அவளே பிடித்துக்கொண்டு மாம்பழத்தை ஊட்டிப் பார்த்தாள். வெறும் இனிப்பு. கையை எடுத்தாளோ இல்லையோ, மாம்பழம் என்கிற சங்கதியே அப்போதுதான் வாய்க்குள் வந்து இறங்கியது. பிறகு படிப்பகத்தில் அட்டை கிழிந்த ஒரு மாத இதழில் இதற்கு விவரம் கிடைத்தது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று கொஞ்சம்தானாம். மென்ற பழத்தின் வாசனை தொண்டைக்குப் பின்னால் மேலேறி மூக்கைத் தொட்டால்தான் அது மாம்பழமாம். காரம்கூட ருசியில் சேர்த்தியில்லை, சுட்டால் எரிகிற மாதிரி ஓர் எரிச்சல் என்று போட்டிருந்தது. அதைச் சொன்னதும் அவள், "அப்ப உங்கம்மா எனக்கு ஊத்துனது கொழம்பு இல்ல, வெச்சது சூடு" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வருசக்கணக்கா மூக்குல பொடிய அடைச்சிக்கிட்டிருக்கிற ஆளுக்கு மட்டும் என்ன தெரியும்?"

"பின்ன எப்பிடித் தரம் சொல்றான்?"

"கண்ண மூடறதுக்கு முன்னாடி என் சேலையப் பாத்தானே."

யோசித்தால் அப்படித்தான். சலவை வேட்டிக்காரர் பழத்தை அவர் துப்பி நான் பார்த்ததே இல்லை.

மண்டிக்குப் போகிற அன்று கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டினாள். பக்கத்து வீட்டில் சங்கிலி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். மண்டியில் என் பழைய வேட்டி அவர் கண்ணில் படக் கூடாதென்று நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். தரகர் அவளை மேலும் கீழும் பார்த்து, "வாங்கம்மா, எந்தத் தோப்பு?" என்றார், மரியாதையாக.

"வேப்பனப்பள்ளிங்க. பெரிய தோப்பு. செந்தூராங்க."

பொடியை இழுத்தார். கண்ணை மூடினார். அவள் கூடைக்குள் கைவிட்டுப் பாதிப் பப்பாளியை எடுத்து, கறுப்பு விதைகள் தெரிய எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் துப்பல் வாங்கியவர்கள்.

துண்டு நாக்கில் விழுந்தது. மென்றார். தலையை ஆட்டினார்.

"ஆகா! செந்தூரான்னா இது செந்தூரா. செம்மண்ணு ருசி அப்பிடியே இருக்கு. மொதத் தரம்!"

மாலூரிலிருந்து வந்திருந்த வண்டிக்காரருக்குத்தான் அடக்க முடியவில்லை. "அய்யோ, பரங்கி ஹண்ணு கணப்பா!" என்று பப்பாளியின் கன்னடப் பேரைச் சொல்லிக் கூவிவிட்டார். மண்டி அதிர்ந்தது.

தரகர் கண்ணைத் திறந்தார். பப்பாளி அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"போன வருசம் துப்புனீங்களே அண்ணா, அதே கைதான்" என்றாள். எங்கள் செந்தூராவை நறுக்கினாள். "இத முழிச்சிக்கிட்டே தின்னுங்க."

தின்றார்.

"எப்பிடி?"

"இனிக்குது."

"அப்புறம்?"

மறுபடி மென்று பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். வெகுகாலமாகவே அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. "என் மல்கோவாவையும் துப்புனியேய்யா!" என்று ஒருவர் கட்டிலை நெருங்கினார். அன்றிலிருந்து அந்த மண்டியில் யாரும் அவர் நாக்கில் துண்டு வைக்கவில்லை. வாங்குகிறவர்களே தின்று பார்த்தார்கள். எங்கள் கூடை அன்று நின்ற இடத்திலேயே காலி.

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

அண்ணன் பிறகு கோடாலிப் பேச்சை எடுக்கவில்லை. அந்த மரத்தில் பழுத்த முதல் பழங்களை, தரகர் உயிரோடு இருந்தவரை, வருஷா வருஷம் என் கையில் அவர் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினாள். "என்ன பெரிய மனசும்மா உனக்கு!" என்று ஊரே சொன்னது. அவர் தெரு வாசலில் நின்று வாங்கிக்கொள்வார்; நாலு பேர் பார்க்கும்போது வேண்டாம் என்றா சொல்ல முடியும்? "வாசனை தெருக்கோடி வரைக்கும் தூக்குதுங்க" என்று நானும் மறக்காமல் சொல்லுவேன். அவர் பழத்தை மூக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பார்; ஒன்றும் ஏறாது.

வீடு திரும்பியதும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"மோந்து பாத்தாரா?"

"பாத்தாரு."

உடனே, இருப்பதில் பெரிய பழமாக எடுத்து எனக்கு நறுக்குவாள்.