சாயங்காலம் வரைக்கும் ஒரு ஜெபம்

போன வாரம் என் கைபேசி என்னைப் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தில் வழுக்கினவன், என்று அறிவித்தது. அந்த வார்த்தையை அது சொல்லவில்லை, ஆனால் அர்த்தம் அதுதான். தினமும் ஒரு அதிகாரம் வேதம் வாசிக்கவைக்கிற செயலி ஒன்றை என் மனைவி அதில் இறக்கி வைத்திருந்தாள். நாற்பத்தோரு நாள் விடாமல் வாசித்திருந்தேன். அதாவது, நாற்பத்தோரு நாள் விடாமல் பக்கத்தைத் திறந்து, விரலால் கடைசி வரை தள்ளிவிட்டு, 'முடித்தேன்' என்கிற பொத்தானை அமுக்கியிருந்தேன். நாற்பத்திரண்டாம் நாள் மறந்துபோனது. மறுநாள் பார்த்தால், எரிந்துகொண்டிருந்த குட்டித் தீச்சுடர் அணைந்து, பக்கத்தில் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. கவலைப்படாமல் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று கீழே ஆறுதல் வேறு.

மனைவி அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். எனக்கோ சிரிப்பு வந்தது. நாள் எண்ணுகிறவர்களைக் கண்டாலே கத்துகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். "எண்ணாதீங்கப்பா, எண்ணுனா எகிறிடும்" என்பார். தன் விஷயத்தில் அது எவ்வளவு உண்மை என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அவர் ஏசுபாதம் அண்ணன். செங்கல்பட்டிலிருந்து நாவலூர் அலுவலகத்துக்கு எங்களை அள்ளிக்கொண்டு போன கம்பெனி வேனின் டிரைவர். அந்த வேனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனை. ஏசி ஓட்டையில் செருகிய எலுமிச்சை வாசனைக் குப்பி, டெய்சி அக்காவின் தலைவலித் தைலம், யாராவது ஒருவர் மடியில் பிரித்த இட்லிப் பொட்டலம், நசீமாவின் அத்தர். நசீமாவின் அப்பாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் அத்தர் கடை, அதனால் தினம் ஒரு வாசனை. இதெல்லாம் சேர்ந்து, கொஞ்சம் டீசலும் கலந்து வரும். பரலோகம் அப்படித்தான் மணக்கும் என்பது என் சொந்த இறையியல்.

டெய்சி அக்கா அலுவலகத்தில் மனிதவளப் பிரிவு, வேனில் போதகர். இந்த இரண்டாவது வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் காலை கருப்பு பைபிளைத் திறந்தார், அவ்வளவுதான், சபை ஆரம்பித்துவிட்டது. ஆறேகாலுக்கு வண்டி கிளம்பும்முன் ஜெபம். சிங்கபெருமாள் கோயில் தாண்டியதும் ஒரு அதிகாரம் வாசிப்பு. கூடுவாஞ்சேரி முதல் வண்டலூர் வரை விளக்கம். பலியிடும் சட்டங்கள் வருகிற அதிகாரங்களை மழைக்காலத்தில் படித்தோம். வண்டலூரில் தண்ணீர் தேங்கி வண்டி நின்றுவிட, ஆட்டுக் கொழுப்பை எந்தப் பக்கம் எரிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் ஜெபத்தையும் சொல்ல வேண்டும். அது செங்கல்பட்டில் புறப்பட்டு, மாநில அரசு, மத்திய அரசு, உலக நாடுகளின் தலைவர்கள் என்று ஒரு சுற்று சுற்றி, பொத்தேரி ஹாஸ்டல் பிள்ளைகளின் செமஸ்டர் பரீட்சையில் வந்து தரையிறங்கும். நாங்கள் ஆறு பேர். எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. இரண்டு பேர் காதில் பாட்டு மாட்டியிருப்பார்கள். ஆனால் கண்ணை எல்லாரும் மூடுவோம். கண் மூடுவதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு தடவை ஆமென் சொல்லி எல்லாரும் முடித்த பிறகும் நான் பக்தியில் தொடர்ந்துகொண்டிருந்தேனாம். குறட்டை வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

ஏசுபாதம் அண்ணன் மட்டும் கண்ணை மூட மாட்டார். டிரைவர் கண் மூடினால் மற்றவர்களுக்கு விசுவாசம் போய்விடும் என்பார். அக்கா முடித்ததும் ஸ்டியரிங்கில் கை வைத்து, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுகிற குரலில் அவர் ஜெபத்தைச் சொல்வார்.

"ஆண்டவரே, இன்னிக்கி சாயங்காலம் வரிக்கும் பாத்துக்கோ. நாளிக்கி மேட்டர நாளிக்கிப் பேசிக்கலாம்."

பிறகு சாவியைத் திருகுவார். என்ன மேட்டர் என்பது வேனில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார், "நான் குடிகாரன். இப்போ குடிக்கல, அவ்ளோதான்." இதற்கு முந்தின வேலை போனது குடியால்தான். டெய்சி அக்கா வேன் ஒப்பந்தக்காரரிடம் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை கேள்விப்பட்டால் சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. மனைவி ஸ்டெல்லாக்கா மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வரைக்கும் என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்களை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்திவிட்டு அவர் நடந்து போகிற வழியில் டாஸ்மாக். அதைத் தாண்டி ஏழரைக்குள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த நாள் ஜெயம். மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

ஒரு நாள் மன்னா வருகிற அதிகாரம் வந்தது. வனாந்தரத்தில் தினமும் காலையில் விழுந்த சாப்பாடு, நாளைக்கென்று எடுத்துவைத்தால் புழுத்துப் போகும். இதன் ஆவிக்குரிய அர்த்தத்தை டெய்சி அக்கா கூடுவாஞ்சேரியில் எடுத்தவர் வண்டலூர் வரை விடவில்லை. கடைசியில் நசீமாதான் குறுக்கே புகுந்தாள். மன்னு ஸல்வா என்று அவர்கள் வேதத்திலும் இது வருகிறது என்றாள். "ஃப்ரிட்ஜ் குடுக்க மாட்டேன், டெய்லி வந்து வாங்கிக்கோன்றான். அவ்ளோதானேக்கா?" அக்காவுக்கு முகம் சுருங்கியது. ஏசுபாதம் அண்ணன் கண்ணாடியில் நசீமாவைப் பார்த்துத் தலையாட்டினார். தனக்கும் அதே ஏற்பாடுதான், நேற்று வாங்கினது நேற்றே தீர்ந்துபோய்விட்டது என்றார். வேனில் நடந்த வேதபாடத்திலேயே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அதையும் கொஞ்ச நாளில் மறந்தேன்.

எப்படி மறந்தேன் என்று கேளுங்கள். டெய்சி அக்காவின் சபை மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரத் திடலில் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் வைத்தது. எங்கள் கூட்டங்களில் பிரசங்கத்தைவிடச் சாட்சிக்குத்தான் கிராக்கி. வியாதி தீர்ந்தவர், கடன் தீர்ந்தவர், குடித்துத் திருந்தியவர் என்று வரிசையாக மேடையேறுவார்கள். குடித்துத் திருந்தியவர் ஒருவராவது இல்லாவிட்டால் கூட்டம் சப்பென்று போய்விடும். அந்த வருடம் அவர்களுக்கு ஆள் அமையவில்லை. அக்கா எங்கள் அண்ணனைக் கேட்டார். வேலை வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படி மாட்டேன் என்பது? சரி என்றார், ஆனால் தனக்குப் பேச வராது, யாராவது எழுதிக் கொடுத்தால் படிக்கிறேன் என்றார்.

வேனில் எழுத்தாளன் என்று ஒருவன் இருந்தான். மென்பொருளை எப்படி இயக்குவது என்று, யாரும் படிக்காத கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தான். அந்த மேதை நான்தான். தமிழில் எழுதச் சொல்லி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. விடுவேனா? இருளில் கிடந்தேன், ஒளியைக் கண்டேன் என்று ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் உச்சத்துக்குப் போனேன். இன்று முதல் என் வாழ்நாள் முழுவதும் அந்தக் கோப்பையைத் தொட மாட்டேன் என்று முடித்திருந்தேன்.

மறுநாள் வண்டி நிறுத்தத்தில் தாளை வாங்கி, உதடசைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"தம்பி, இந்த வாழ்நாள் வேணுமா? இன்னிக்கின்னு போட்டுக்கலாமா?"

"இன்னைக்கு மட்டும்னு சொன்னா கூட்டம் கை தட்டாதுண்ணே" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். சொல்லிவிட்டு, பிடிவாதமாக ஒரு காற்புள்ளியையும் திருத்திக் கொடுத்தேன்.

கூட்டம் கை தட்டியது. கடல் காற்று மைக்கில் புகுந்து இரைந்ததில் பாதி வார்த்தை கேட்கவில்லை என்றாலும் வாழ்நாள் முழுவதும் என்பது தெளிவாகக் கேட்டது. சால்வை போர்த்தினார்கள். இவருக்கு இனி அந்தச் சோதனையே கிடையாது என்று சபைப் போதகர் ஆண்டவர் சார்பில் அறிவித்தார். மணலில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாக்கா கை தட்டவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் எழுத்து நடையை மெச்சிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா ஜெபம் முடித்தார். நாங்கள் அடுத்த ஜெபத்துக்காகக் காத்திருந்தோம். ஏசுபாதம் அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தார், வாயைத் திறந்தார், மூடினார். அதுதான் மொத்தமாக விடுதலை ஆகிவிட்டாரே, இனி தினமும் எதற்குக் கேட்க வேண்டும் என்று டெய்சி அக்கா பெருமையாகச் சொன்னார். அண்ணன் சாவியைத் திருகினார். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

வியாழக்கிழமை ஆறேகாலுக்கு வேன் வரவில்லை. ஆறரைக்கு அவர் நடந்து வந்தார். பின்னால் ஸ்டெல்லாக்கா. சட்டை சலவைச் சட்டைதான், தலையும் வாரியிருந்தார், ஆனால் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. சாவியை டெய்சி அக்கா கையில் வைத்தார்.

"நேத்து குட்ச்சிட்டேங்க்கா. வண்டி எடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு நாளுன்னா தூக்கிகினு போய்டுவேன் தம்பி. ஆயுசு முழுக்கன்னா அத்த எப்டிரா தூக்கறது?"

எனக்கு அழுகை வந்தது. கூட்டம் கை தட்டுவதற்காக ஒரு மனிதரை நான் தள்ளிவிட்டிருந்தேன், அதுவும் இலக்கண சுத்தமாக.

அடுத்து நடந்ததை எந்த மேடையிலும் யாரும் சாட்சியாகச் சொல்ல மாட்டார்கள். டெய்சி அக்கா போனை எடுத்தார். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, வேன் பஞ்சர், ஸ்டெப்னியும் பஞ்சர், நாங்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எந்தச் சக்கரம் என்று கேட்டதும் தடுமாறினார். நசீமா போனைப் பிடுங்கி, பின்பக்கம் இடது டயர், ஆணி இவ்வளவு நீளம் என்று சரளமாகப் போட்டாள். ஜெபக்குழு மொத்தமும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றது. ஆண்டவர் அன்று எங்கள் பக்கம் திரும்பாமல் இருந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

பஸ்ஸில் நெரிசல். வழியெல்லாம் யாரும் வேதம் திறக்கவில்லை. நாளைக்கு அவர் வருவாரா என்பதுதான் ஆறு பேருக்கும் கேள்வி.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. நான் முதல் ஆளாக ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டேன். "உடு நைனா, நீ நல்லாதான் எழுதின" என்றார். டெய்சி அக்கா ஜெபத்தை ஆரம்பித்தார். வழக்கம்போல அரசாங்கங்களை நோக்கிக் கிளம்பியவர் பாதியில் நின்றுவிட்டார். பிறகு, "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எங்க ஏசுபாதத்தைப் பாத்துக்கோங்க ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டார். பாட்டு கேட்கிற இரண்டு பேரும் காதிலிருந்து கழற்றிவிட்டு ஆமென் என்றார்கள். நசீமாவும் ஆமீன் என்றாள். முன்சீட்டிலிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது, பிறகு சாவி திரும்பியது.

அன்றிலிருந்து வேனில் ஒரு சட்டம். சாயங்காலத்துக்கு மேல் யாரும் எதையும் கேட்கக் கூடாது. என் பதவி உயர்வு, நசீமாவின் கல்யாணம், அக்காவின் மகனுக்கு விசா, எல்லாம் தள்ளுபடி. பதினோரு நிமிட ஜெபம் இரண்டு வரியாகச் சுருங்கியது. எங்கள் கூட்டத்தில் நடந்த பெரிய அற்புதம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். மறுநாள் காலை நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து ஒரு தடவை தலையசைப்பார். ஏழரை ஆயிற்று, வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். ஒரு மாதிரியாகத் தலை குனிந்து வந்த காலைகளும் இரண்டு மூன்று உண்டு. அன்றெல்லாம் பஸ்தான், அக்காவும் பஞ்சர் விஷயத்தில் தேறிவிட்டிருந்தார்.

பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று வந்தது. வேனை நிறுத்தினார்கள். அலுவலகம் திறந்த பிறகும் வேன் திரும்பவில்லை. டெய்சி அக்கா மகனோடு வெளிநாடு போய்விட்டார். நசீமா கேளம்பாக்கத்தில் குடும்பமாக இருக்கிறாள். நான் நாவலூரிலேயே எட்டாவது மாடியில் வீடு வாங்கி, லிஃப்டில் ஏறி இறங்குகிறேன்.

போன வருடம் மாமல்லபுரத்தில் அவரைப் பார்த்தேன். சுற்றுலாக் கார் ஓட்டுகிறார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். கட்டிப் பிடித்துக்கொண்டோம். நான் இன்னும் திருந்தவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, இப்போது சுத்தமாக விட்டுவிட்டீர்கள் அல்லவா என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணு ஆவுது. மூணு வரிக்கும் வுட்டுட்டேன்."

சவாரிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். காரில் ஏறி, ஸ்டியரிங்கில் கை வைத்து ஒரு நொடி நின்றார், கிளம்பிவிட்டார். அன்று ஏழரை மணிக்கு எட்டாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குள் போயிருப்பாரா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் மறுநாள் காலை ஆறேகாலுக்குத் தெரிந்துவிடும்.