ஸைத்தோன் சண்டை போட்டு வாங்கிய அறை

கடலோர ஊரான தும்பாட்டின் மீன் சந்தையில் ஸைத்தோனின் வாய்க்கு எல்லோருக்கும் பயம். புருஷன் கடலில் செத்துப்போன பிறகு அந்த வாயை வைத்துத்தான் மகள் சுஹைலாவை வளர்த்தாள்.

சுஹைலாவுக்கு ஏழு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வயிற்றில் குழாய் வைத்தார்கள். அதன் வழியே மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, மறுபடி விட வேண்டும். வீட்டிலேயே செய்யலாம் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். மதிய முறை மட்டும் பள்ளி நேரத்தில் வந்தது. ஊரே 'சிக்கு' என்று கூப்பிடும் தலைமையாசிரியையிடம் போய் ஸைத்தோன் ஓர் அறை கேட்டாள்.

"இது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, தோன் அக்கா?"

"ஆஸ்பத்திரியா இருந்தா நான் ஏன் சிக்கு உங்ககிட்ட வர்றேன்? அங்க கட்டில் குடுக்கறாங்க. எம்மவளுக்கு பெஞ்சு வேணும்."

கடைசியில் விளையாட்டுச் சாமான் கிடந்த அறை கிடைத்தது. அதை அவளே கழுவி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டாள். தினமும் மருந்துப் பையோடு மோட்டார் சைக்கிளில் வருவாள். நீர் இறங்கும்வரை சுஹைலா வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒன்றரை வருடம் அப்படிப் போனது. மற்ற பிள்ளைகள் வளர்ந்தார்கள். சுஹைலா மட்டும் அப்படியே இருந்தாள். ஆனாலும் அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள். 'குட்டி' என்று கூப்பிட்டால் திருப்பித் திட்டுவாள், 'மக்' என்று அவள் கூப்பிடும் அம்மாவைப் போலவே.

பிறகு அந்த வருடத்து மழை. வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம். ஊரே சமூகக் கூடத்தில் ஈரப் பாயில் படுத்துக் கிடந்தது. ஒரு மூலையில் உடுத்தும் சாரத்தைத் திரையாகக் கட்டி, ஸைத்தோன் மருந்துநீரை மாற்றினாள். கை கழுவ நல்ல தண்ணீருக்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் வடிந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி வந்தது. வயிற்றுக்குள் கிருமி ஏறிவிட்டது.

படகில் ஏற்றி கோத்தா பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. ஆனால் வயிற்று ஜவ்வு கெட்டுவிட்டது, குழாயை எடுத்துவிட்டார்கள். இனி வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். என் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஸைத்தோன். அவளுக்குச் சர்க்கரை வியாதி, முடியாது என்றுவிட்டார்கள்.

"என் கையாலதான் கெட்டுச்சா, டாக்டர்?"

"வெள்ளத்துல நீங்க என்னம்மா செய்வீங்க?"

இல்லை என்று அவர் சொல்லவில்லையே என்பதையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இயந்திரத்தில் கிடந்த மறுநாள் சுஹைலாவால் எழுந்திருக்க முடியாது. பள்ளி நின்றுபோனது. நோன்புப் பெருநாள் கழிந்து தோழிகள் மூவர் பலகாரத்தோடு பார்க்க வந்தார்கள். சுஹைலாவைவிட ஒரு தலை உயர்ந்திருந்தார்கள். சுஹைலா கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தாள். அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள்.

"மக், இனிமே யாரையும் வர வேணாம்னு சொல்லிடு."

"அப்படியெல்லாம் பேசாதடி. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு—"

"போய் சண்டை போடாத மக். எனக்கு வேணாம்."

ஸைத்தோன் பலகாரத்தை மூடி வைத்தாள். மகளின் வீங்கிய காலருகே உட்கார்ந்தாள். நாளைக்குக் காலையில் மறுபடி ஆஸ்பத்திரி பஸ்.