நூற்றுப் பதினேழாவது பெயர்

கயல் அந்தச் செய்தித்தாளைக் கொண்டுவந்து மருந்துக் கடையில் அம்மாவின் மாத்திரைத் தட்டின் மேலேயே போட்டாள். யாமினி எண்ணி வைத்திருந்த ரத்த அழுத்த மாத்திரைகள் மேசையெங்கும் உருண்டன.

"அம்மா, இஸ் திஸ் யூ?"

பதினைந்து வயதில் கோபம் கண்ணீராகத்தான் முதலில் வரும். கயலுக்கு வந்திருந்தது. யாமினி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். எல்டர் க்ரீக் ஊரின் வாரப் பத்திரிகை. முழுப்பக்க விளம்பரம். 'நம் பிள்ளைகளைக் காக்க நூலகர் லொரேனைப் பதவியிலிருந்து நீக்கக் கோருகிறோம்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே நான்கு பத்திகளில் பெயர்கள். கயலின் விரல் கடைசிப் பத்தியில் போய் நின்றது. நூற்றுப் பதினேழாவது பெயர். யாமினி நஞ்சுண்டன், மருந்தாளர்.

"நான் இதுல சைன் பண்ணலடி."

"தென் ஹூ டிட்?"

அடுத்த நொடியே யாமினிக்குத் தெரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை டார்லீன் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அறுபது வயது, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி மேசையில் உட்காருகிறவள். யாமினிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தவளும் அவள்தான். கவுண்டரில் சாய்ந்துகொண்டு நூலகத்தைப் பற்றிப் பேசினாள். குழந்தைகள் பகுதியில் பதினாலு புத்தகங்கள் அசிங்கமாம். ஒன்றில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்களாம். லொரேன் எடுக்க மாட்டேன் என்கிறாளாம். யாமினி அப்போது மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து, பத்து, பதினைந்து என்று எப்போதும் தமிழில்தான் எண்ணுவாள். எண்ணும்போது தலை தானாக இடமும் வலமும் ஆடும். பேச்சுக்கு நடுவே டார்லீன் ஏதோ கேட்டாள். யாமினி "ம்… ம்…" என்றாள்.

யாமினி பிறந்த கோபிசெட்டிபாளையத்தில் அந்தத் தலையாட்டலுக்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்றுதான் பொருள். இங்கே கிழக்கு டெக்சாஸில் அதற்கு 'சம்மதம்' என்று பொருள்.

கணக்கு தவறிவிடக் கூடாதே என்ற கவலையில் ஆட்டிய ஒரு தலை. அதற்கு ஒரு பெண்ணின் இருபத்தாறு வருட வேலை பலி.

யாமினியின் கணவன் நஞ்சுண்டன் டாக்டர். அமெரிக்க டாக்டர்கள் வர மறுக்கிற ஊர்களில் வெளிநாட்டு டாக்டர்கள் சில வருடம் வேலை பார்த்தால் விசா நீடிக்கும் என்பதால் பத்து வருடம் முன்பு இங்கே வந்தார்கள். சுற்றிலும் பைன் காடு, நாலாயிரம் பேர், ஏழு தேவாலயம். கோவிலுக்கும் கறிவேப்பிலைக்கும் மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணி ஹூஸ்டன் போக வேண்டும். விசா போய், கிரீன் கார்டு வந்து, குடியுரிமையும் வந்த பிறகும் ஊரை விடவில்லை. ஊர் அப்படி அன்பாக இருந்தது.

அந்த அன்புதான் யாமினியின் வாயைக் கட்டிப்போட்டது. கட்சிக் கூட்டத்துக்குத் தந்தையின் தோளில் ஏறிப் போனவள், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அரசியல் பேசும் வீட்டில் வளர்ந்தவள், இங்கே பத்து வருடமாக எதிலும் கருத்தில்லாத பெண்மணி. துப்பாக்கி, எல்லை, கருக்கலைப்பு என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் எது பேசப்பட்டாலும் தலை மட்டும் ஆடும். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று மேசைக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் டார்லீன். ஆகவே யாமினி ஒரு பிரைமரியிலும் ஓட்டுப் போட்டதில்லை.

ஊரில் அவளுடைய மனசு தெரிந்த ஒரே ஆள் லொரேன். புதன்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காபியோடு ஒரு மணி நேரம். ஊர் சொல்கிற எல்லாவற்றுக்கும் அங்கேதான் இருவரும் பதில் சொல்வார்கள். சிரிப்பார்கள். சில நாள் அழுவார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாவட்ட நிர்வாகமான கவுண்டி சபை கூடுகிறது. ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் கை தூக்கினால் லொரேனுக்கு வேலை இல்லை. அதைக் கேட்கிறவர்களில் யாமினியும் ஒருத்தி என்று ஊர் முழுக்க அச்சாகிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்கு ஓடினாள். லொரேன் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லொரேன், நான் கையெழுத்துப் போடல. டார்லீன் தப்பாப் புரிஞ்சுகிட்டா."

"தெரியும், ஹனி. பேரைப் பாத்ததுமே நினைச்சேன்."

யாமினிக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் லொரேன் நிமிர்ந்தாள்.

"நீ ஆமான்னு சொல்லியிருக்க மாட்ட. ஆனா நான் அசிங்கம் விக்கிறவள்னு அவ சொன்னப்போ, நீ இல்லைன்னும் சொல்லலையே."

யாமினி பேச வாயெடுத்தாள். லொரேன் தடுத்தாள்.

"உனக்குப் பொண்ணு இருக்கா. கடையில வேலை இருக்கு. உன் புருஷனுக்குக் கிளினிக் இருக்கு. நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்கல. தயவுசெஞ்சு அழாத, குழந்தைங்க கதை கேக்கற நேரம்."

அழாதே என்று சொன்னவள் கையிலிருந்த புத்தகத்தைத் தலைகீழாக அடுக்கினாள். அதை யாமினி பார்த்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வீட்டில் நஞ்சுண்டன் விளம்பரத்தை மூன்று தரம் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"டார்லீன்கிட்ட போன் பண்ணி சொல்லிடு. அடுத்த வாரம் சின்னதா ஒரு கரெக்ஷன் போடுவாங்க. மேட்டர் ஓவர்."

"அடுத்த வாரம் லொரேன் வேலையில இருக்க மாட்டாங்க."

"அதுக்கு நாம என்ன பண்றது யாமினி? ஹாஸ்பிடல் போர்டுல மூணு பேரு இந்த லிஸ்ட்ல இருக்காங்க. என் காண்டிராக்ட் மார்ச்ல ரின்யூ ஆகணும். உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"அப்புறம்?"

"அந்தப் பதினாலு புக்ல ஒண்ணை நான்தான் டொனேட் பண்ணேன்."

நஞ்சுண்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்ப?" என்று மட்டும் கேட்டார். போன கிறிஸ்துமஸுக்கு என்றாள். அட்டையில் கொடுத்தவர் பெயர் எழுத வேண்டாம் என்று அவள்தான் லொரேனிடம் கேட்டுக்கொண்டாள். இந்த ஒரு மாதமாக எத்தனை பேர் கேட்டும் லொரேன் யார் கொடுத்தது என்று வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை கலிபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து தம்பி தீபக் கூப்பிட்டான். கயல் அவனுக்கு விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"என்னக்கா, பெரிய லீடர் ஆயிட்ட போல. பேப்பர்ல எல்லாம் பேரு வருது."

"கிண்டல் பண்ணாதடா. தலை வலிக்குது."

"அந்தக் காட்டுல ஏன்க்கா இருக்கீங்க? எங்க வீட்டு வாசல்ல பாரு, எங்க கட்சி எதுன்னு ஓப்பனா போர்டே வச்சிருக்கோம். ஒருத்தன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"உன் தெருவுல எல்லா வீட்டுலயும் அதே போர்டுதானடா. அதுக்கு என்ன தைரியம் வேணும்?"

தீபக் மெதுவாக, "பயமா இருக்காக்கா?" என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. சபை கூடும் கோர்ட் ஹவுஸின் பெரிய அறையில் உட்கார இடமில்லை. யாமினி கயலோடு நுழைந்ததும் முன்வரிசையிலிருந்து டார்லீன் கையசைத்தாள். இரண்டு நாற்காலிகளில் தன் கோட்டையும் பையையும் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"வா ஸ்வீட்டி. நீ வருவேன்னு தெரியும்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யாமினிக்கு நெருப்பில் உட்கார்ந்தது போலிருந்தது. பேச விரும்புகிறவர்கள் ஒரு அட்டையை நிரப்பித் தர வேண்டும். பெயர், முகவரி, கீழே இரண்டு கட்டம். நீக்கத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு. டார்லீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனா இரண்டாவது கட்டத்துக்குப் போனது. டார்லீன் சிரித்தாள்.

"ஹனி, தப்பான கட்டத்துல போட்டுட்ட."

"இல்ல டார்லீன்," என்றாள் யாமினி.

டார்லீனின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது பேர் பேசினார்கள். ஒன்பதும் லொரேனுக்கு எதிராக. ஒவ்வொருவர் முடித்தபோதும் கைத்தட்டல். லொரேன் ஓரத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பத்தாவதாக யாமினியின் பெயரைத் தப்பும் தவறுமாகப் படித்தார்கள். மைக் வரைக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். அந்தப் பன்னிரண்டு அடியில் மார்ச் மாத காண்டிராக்டும், பதினோரு நாள் சாப்பாடும், கயலின் பள்ளிக்கூடமும் அவளோடு நடந்து வந்தன.

"மேம், மூணு நிமிஷம்," என்றார் சபைத் தலைவர். அவரை ஊரில் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பத்திரிகையில நூத்திப் பதினேழாவது பேரு என்னோடது. நான் கொடுக்கல," என்றாள் யாமினி. "எங்க ஊர்ல யாராவது பேசினா தலையை இப்படி ஆட்டுவோம். கேக்கறேன்னு அர்த்தம். நான் ஒத்துக்கிட்டதா டார்லீன் நினைச்சிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்ல. பத்து வருஷமா நீங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சீங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன். அப்படி இருந்ததால எல்லாரும் என்னைப் பிரியமா நடத்தினீங்க."

அறையில் யாரோ இருமினார்கள்.

"எனக்கு உங்க அரசியல் இல்ல. எதுலயும் இல்ல. ரெண்டு அம்மா வர்ற அந்தப் புத்தகத்தை லைப்ரரிக்குக் கொடுத்தது நான். என் பேரை எழுத வேண்டாம்னு கேட்டதும் நான். லொரேன் ஒரு மாசமா என்னைக் காட்டிக் கொடுக்காம அடி வாங்கிட்டு இருக்காங்க. யாரையாவது நீக்கணும்னா, என் பேரை அந்த லிஸ்ட்லேருந்து நீக்குங்க."

கைத்தட்டல் இல்லை. பின்வரிசையில் "ஊரைப் பிடிக்கலன்னா வந்த வழியே போகட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. யாமினி திரும்பி நடக்கும்போது தீவனக் கடை வைத்திருக்கும் கிழவர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஜட்ஜ், சொல்லப்போனா என் பேரும் நான் கொடுக்கல. என் வீட்டுக்காரி கொடுத்தா."

சிரிப்பு எழுந்தது. தயங்கித் தயங்கி இன்னொரு பெண்மணியும் எழுந்தாள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லையாம். சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்தில்லாத பெயர்களை வைத்து ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது, ஒவ்வொரு பெயரும் சரிபார்க்கப்பட வேண்டும் என்று ஒரு மாதம் ஒத்திப்போட்டார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் லொரேன் வந்து யாமினியைக் கட்டிக்கொண்டாள். ஊர் பார்க்கக் கட்டிக்கொண்டாள். யாமினி அவள் தோளில் முகம் புதைத்து, வெள்ளிக்கிழமை அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள்.

டார்லீன் தன் டிரக்கின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். யாமினி கிட்டே போனாள்.

"என்னை மன்னிச்சிடு டார்லீன்."

"எதுக்கு? நீ நினைக்கிறதை நினைக்கிறதுக்கா? அதுக்கு மன்னிப்பு வேண்டாம்." டார்லீனின் உதடு கோணியது. "என் அடுப்படியில பத்து வருஷம் உக்காந்திருந்த. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன். கத்தியிருப்பேன். ஆனா உன் பேரைப் போட்டிருக்க மாட்டேன். இன்னைக்கு ஊர் முன்னால நான் பொய்க்காரியா நின்னேன்."

"இப்ப சண்டை போடு."

"இப்ப முடியாது," என்றாள் டார்லீன். "இப்ப எனக்கு அழுகை வருது."

டிரக் போய்விட்டது.

அந்த மாதம் முழுக்கக் கடையில் வரிசை பாதியானது. ஒருவர் மருந்தை வாங்கிக்கொண்டு, யாமினி பார்க்கும்படி, கையைத் துடைத்துக்கொண்டு போனார். நஞ்சுண்டன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் நூலகத்துக்குப் போய்த் தன் பெயரில் முதல் தடவையாக ஒரு உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கவர்னர் மாளிகைக்கே மனுப் போட்டவர் போல அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கயல், "ஓ மை காட், அப்பா," என்றாள்.

சரிபார்த்ததில் நூற்றிருபத்து மூன்று பெயர்களில் முப்பத்தொன்று தேறவில்லை. சபையில் மூன்றுக்கு இரண்டு ஓட்டு என்ற கணக்கில் லொரேனின் வேலை தப்பியது.

மறுநாள் காலை கடைக்குப் போன் வந்தது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஊரின் மருந்துக்கடையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். டார்லீனின் மருந்துகளையெல்லாம் தங்கள் கடைக்கு மாற்றித் தர வேண்டுமாம்.

யாமினி கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் திறந்தாள். ஐந்து மருந்து. ஒவ்வொன்றாக, அளவோடு, நிதானமாகச் சொன்னாள்.

"வேற ஏதாவது குறிப்பு இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருக்கு. அவங்களுக்குப் பெரிய மாத்திரை தொண்டையில இறங்காது. ஆனா சொல்ல மாட்டாங்க, வெக்கப்படுவாங்க. வாங்கிட்டுப் போய் சாப்பிடாம வச்சிடுவாங்க. நீங்களே பாதியா உடைச்சுக் கொடுங்க. கேக்காதீங்க, உடைச்சுக் கொடுத்துடுங்க."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "நல்லாத் தெரிஞ்சவங்க போல."

"எனக்கு அவங்களைப் பத்து வருஷமாத் தெரியும்," என்றாள் யாமினி. "அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சு ஒரு மாசம்தான் ஆகுது."